விளையாட்டு விதிகள் யாரைப் பாதுகாத்தன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாடும் மாணவர்களுக்கு ஊதியம் கொடுக்கலாமா, பெண்கள் போட்டிகளில் யார் கலந்துகொள்ளலாம் என்ற இரண்டு கேள்விகளும் இப்பொழுது அந்நாட்டின் நீதிமன்றங்களையும் காங்கிரசையும் ஒருங்கே ஆட்டிக்கொண்டிருக்கின்றன. சாய்ந்தமருதிலிருந்து அங்கு குடியேறிய நண்பர் ஒருவர், தமது மகள் கல்லூரி அணியில் ஓடுகிறாள் என்றும், இவ்விரண்டு கேள்விகளின் வரலாற்றையும் தமிழில் எழுத முடியுமா என்றும் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். கல்முனைக் கரையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கல்லூரி விவகாரத்தை ஆராய்வானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். எழுத உட்கார்ந்தபோது, இந்த வரலாறு எமது ஊர்களுக்கு மிக அண்மையில் வந்து நிற்பதாகவே எனக்குப் பட்டது.

முதலில் கூலியின் கதையைப் பார்ப்போம். விளையாடுவதற்குப் பணம் வாங்கக்கூடாது என்ற விதி பண்டைய கிரேக்கத்திலிருந்து வந்ததாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கனவான்கள் உருவாக்கியது. இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டியை நடத்தியவர்கள் 1879இல் 'அமெச்சூர்' என்பவர் யார் என்று வரையறுத்தார்கள். பந்தயப் பணத்துக்காகப் படகு வலித்தவர் அமெச்சூர் ஆகமாட்டார் என்றதோடு அவர்கள் நிற்கவில்லை. கூலிக்கு உழைக்கும் கைவினைஞரும் தொழிலாளியும்கூட அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று எழுதிவைத்தார்கள். உடலுழைப்பால் தேகம் உரமேறியவனோடு கனவான் போட்டியிடுவது நியாயமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1920இல் அமெரிக்கரான ஜோன் கெலி அங்கு படகோட்ட அனுமதி மறுக்கப்பட்டார். அவர் செங்கல் அடுக்கும் வேலை செய்தவர். அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். ஹென்லி விதியிலிருந்து தொழிலாளர் தடை நீங்கியது 1937இல்தான்.

ஒலிம்பிக்கிலும் இதே கதை நடந்தது. 1912இல் ஸ்டொக்ஹோமில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற ஜிம் தோர்ப் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். கல்லூரி விடுமுறைக் காலத்தில் சிறு தொகைக்கு பேஸ்போல் விளையாடினார் என்பதற்காக மறு ஆண்டே அவரது பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் இறந்தது 1953இல். சர்வதேச ஒலிம்பிக் குழு தவற்றைத் திருத்த முடிவெடுத்தது 1982இல். அவரே தனி வெற்றியாளர் என்று பதிவு முழுமையாகத் திருத்தப்பட்டதோ 2022இல். கூலியின்றி விளையாடும் வசதி படைத்தவர்களுக்கு அமெச்சூர் விதி ஒரு வேலியாகவே இருந்தது.

அமெரிக்கக் கல்லூரிகள் இந்த வேலிக்குள் ஒரு புதுமை செய்தன. உதைபந்தாட்டத்தில், அதாவது அவர்களுடைய பாணியிலான உதைபந்தாட்டத்தில், மாணவர்கள் மைதானத்திலேயே இறந்துபோகும் நிலை ஏற்பட்டதால் 1906இல் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அதுவே இன்றைய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். உயிரைக் காப்பதற்காகத் தோன்றிய அச்சங்கம் பின்னாளில் ஊதியத்தைத் தடுக்கும் காவலாளி ஆயிற்று. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். வேலையின்போது இறந்த தொழிலாளிக்குரிய நட்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். அவர் தொழிலாளி அல்லர் என்று கூறி, 1957இல் மாநில உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. இத்தகைய வழக்குகளுக்கு அஞ்சியே 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைத் தாங்கள் உருவாக்கியதாக, அச்சங்கத்தை நீண்டகாலம் நிருவகித்த வோல்டர் பயர்ஸ் பிற்காலத்தில் எழுதினார். மைதானங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் கோடி கோடியாய்ச் சம்பாதித்தன. பயிற்றுநர்களின் சம்பளம் வானளாவியது. ஓடியவனுக்குக் கிடைத்தது படிப்புச் செலவும் தங்குமிடமும் உணவும்தான்.

எங்கள் தலைமுறைக்கு அந்த அமெரிக்கக் கல்லூரி மைதானம் ஒரு தமிழ்ப் பெயரோடு அறிமுகமானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் கல்வி கற்ற அவர் பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024இல் காலமானார். அவருக்கு விளையாட்டு கொடுத்தது கல்வியின் கதவை. அந்தக் காலத்து அமெச்சூர் ஏற்பாட்டின் நல்ல பக்கத்துக்கு அவர் வாழ்க்கை சான்று. அந்தக் கதவால் எத்தனை பேர் நுழைய முடிந்தது, அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் வரலாறு கேட்கவேண்டும்.

இனிப் பெண்களின் கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் உதைபந்தாட்ட அணிகள் அமைத்தார்கள். பிரெஸ்டன் நகரின் டிக் கேர் பெண்கள் அணி அவற்றுள் புகழ்பெற்றது. 1920 டிசம்பர் 26ஆந் திகதி லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்களது ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். ஓராண்டு கழிவதற்குள், 1921 டிசம்பர் 5ஆந் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தனது அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. இரண்டு காரணங்களை அது சொன்னது. ஒன்று, உதைபந்தாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று. மற்றது, தருமத்துக்காகத் திரட்டிய பணத்தில் அளவுக்கு மீறிய பகுதி செலவுக்குப் போகிறது. பெண்ணுடலைப் பாதுகாத்தல், பணத்தின் தூய்மையைப் பாதுகாத்தல் என்ற இரண்டு வாதங்களும் ஒரே தீர்மானத்தில் கைகோத்ததை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அந்தத் தடை நீங்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

மெய்வல்லுநர் போட்டிகளிலும் அதுவே நடந்தது. 1928இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். ஜேர்மனியின் லீனா ரட்கே வென்றார். ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் பின்னர் 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக் வரும்வரை பெண்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. ஓடி முடித்த ஆண்களும் களைத்து விழுவதுண்டு. அதைக் காரணம் காட்டி எவரும் ஆண்களின் ஓட்டத்தை நிறுத்தவில்லை.

பெண்களுக்கென்று தனிப்பிரிவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது இல்லாவிட்டால் பெரும்பாலான போட்டிகளின் இறுதிச் சுற்றில் பெண்களையே காணமுடியாது. அந்தப் பிரிவுக்கு ஓர் எல்லையும் வேண்டியதே. எல்லையைக் காப்பதற்கு எடுத்த வழிகள்தாம் பல பெண்களின் வாழ்வைப் பலிகொண்டன. 1966இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் ஆடையின்றி வைத்தியர்கள் முன் நிற்கவேண்டியிருந்தது. 1968 முதல் ஒலிம்பிக்கில் மரபணு சார்ந்த பரிசோதனை வந்தது. 1985இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குச் சென்ற ஸ்பானிய வீராங்கனை மரியா ஹொசே மார்ட்டினஸ் பட்டினோ தமது சான்றிதழை வீட்டில் மறந்து விட்டுச் சென்றார். ஆகவே மீண்டும் பரிசோதித்தார்கள். பிறந்தது முதல் பெண்ணாகவே வாழ்ந்த அவருக்கு ஆணின் நிறமூர்த்தம் இருப்பதாக முடிவு வந்தது. ஆண் சுரப்புகள் தமது உடலில் வேலை செய்யாத இயல்பு அவருடையது. அதனால் அவருக்கு மேலதிக வலிமை எதுவும் கிட்டவில்லை. எனினும் அவர் உதவித்தொகையையும் தங்குமிடத்தையும் இழந்தார். அவரது சாதனைகள் அழிக்கப்பட்டன. 1988இல் மீண்டும் அனுமதி கிடைத்தபோது அவரது சிறந்த காலம் கடந்துவிட்டிருந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கதை சாந்தி சௌந்தரராஜனின் கதை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 2006 டிசம்பரில் டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக அவரிடம் சொல்லவேண்டிய செய்தியை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. பின்னர் பயிற்றுநரானார். ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் இதே நிலைக்கு ஆளானபோது வழக்கறிஞர்கள் துணை நின்றார்கள். 2015 யூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை இடைநிறுத்தியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சாந்திக்கு அத்தகைய துணை கிட்டவில்லை. 2025 செப்டம்பர் முதல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் பெண்கள் பிரிவில் போட்டியிடும் யாவருக்கும் ஒருமுறை மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. விதி எதுவாயினும், முடிவை இரகசியமாகக் காப்பதும் மேன்முறையீட்டுக்கு வழி விடுவதும் அதன் முதல் நிபந்தனைகளாக இருக்கவேண்டும். இதுவே சாந்தியின் கதை கற்பிக்கும் பாடம்.

எமது கரையோரத்துப் பெண்பிள்ளைகளை நேரடியாகத் தொட்ட விதி இன்னொன்று. தலையை மூடிக்கொண்டு உதைபந்தாடக்கூடாது என்று 2007இல் சர்வதேச விதியாளர்கள் தீர்மானித்தார்கள். கழுத்தில் காயம் ஏற்படலாம் என்பது பின்னர் சொன்ன காரணம், மீண்டும் பாதுகாப்பு. 2011 யூனில் அம்மானில் ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்துக்கு வந்த ஈரான் பெண்கள் அணி, மைதானத்தில் வைத்தே விலக்கப்பட்டது. ஜோர்தானின் இளவரசர் அலி முன்னின்று வாதாடியதால் 2012இல் தடை தளர்ந்து, 2014 மார்ச்சில் முற்றாக நீங்கியது. அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி, முக்காட்டைக் கழற்ற மறுத்துப் போட்டியிலிருந்து வெளியேறியது. கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் தன் விதியை மாற்றியது 2017இல். தடை இருந்த காலத்தில் காட்டிய ஆபத்து, தடை நீங்கிய பின் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இத்தனை பாதுகாப்புகளுக்கும் நடுவே, வேறு வகையான ஒரு விதியும் வரலாற்றில் உண்டு. 1972 யூன் 23ஆந் திகதி அமெரிக்காவில் கையெழுத்தான கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு அது. ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அதன் முதல் வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. அரசின் பணத்தைப் பெறும் கல்விக்கூடத்தில் பால் காரணமாக எவரையும் விலக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். அப்பொழுது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய மாணவிகள் 3 இலட்சத்துக்கும் குறைவு. இன்று 30 இலட்சத்துக்கும் மேல். அந்தச் சட்டம் பெண்ணின் உடலைப் பற்றி எதுவும் பேசவில்லை. பணத்தின்மேல் ஒரு நிபந்தனை வைத்தது, அவ்வளவுதான்.

இன்றைய அமெரிக்கச் சர்ச்சை இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. 2021 யூனில் உயர் நீதிமன்றம் கல்லூரிச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி கிடைத்தது. 2025 யூன் 6ஆந் திகதி நீதிபதி குளோடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் இழப்பீடு உண்டு. கல்லூரிகள் தம் வீரர்களுக்கு நேரடியாகவும் பணம் கொடுக்கலாம். 2025-26ஆம் கல்வியாண்டில் ஒரு கல்லூரிக்கான உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர். இழப்பீட்டின் மிகப் பெரும் பகுதி ஆண்களின் உதைபந்தாட்டத்துக்கும் கூடைப்பந்தாட்டத்துக்கும் போகிறது. ஒன்பதாம் தலைப்பு இதற்கும் பொருந்தும் என்று சில வீராங்கனைகள் மேன்முறையீடு செய்தார்கள். கல்லூரி கொடுக்கும் ஊதியத்துக்கு அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் பைடன் நிருவாகம் வெளியிட்ட வழிகாட்டலை, அடுத்த மாதமே டிரம்ப் நிருவாகம் விலக்கிக்கொண்டது. அதே பெப்ரவரியில் பெண்கள் பிரிவில் திருநங்கையர் போட்டியிடுவதைத் தடுக்கும் ஆணையும் வெளியாயிற்று. பெண்கள் விளையாட்டைக் காப்பதே அதன் நோக்கம் என்றார்கள். பெண்கள் விளையாட்டுக்கு இருவழிகளில் குறை நேரலாம்: தகுதியற்றவர் உள்ளே வருவதால், பணம் வெளியே போவதால். முதலாவதைப் பற்றி மேடைகளில் கேட்ட குரல், இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகக் கேட்கவில்லை.

இனி எமது ஊருக்கு வருவோம். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் இந்தக் கரைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். இங்கு மைதானம் என்பது பொன்னிலும் அரிது. பாடசாலை விட்டதும் பிரத்தியேக வகுப்பு. அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட ஒன்றரை, இரண்டு மணித்தியாலமே விளையாடும் நேரம். அந்த நேரத்தில் கல்முனைச் சந்தாங்கேணி மைதானமானாலும் கடற்கரை மணலானாலும் ஆண்களின் கழகங்களுக்கே உரியது. பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நேரத்தை இந்த ஊர்களின் பொது மைதானங்களில் நான் கண்டதில்லை. வருடத்தில் ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அஞ்சலோட்டத்தில் மின்னலாய் ஓடும் பிள்ளைகளைப் பார்த்து ஊரே வியக்கும். கோட்டம், வலயம் என்று சில பிள்ளைகள் மேலே செல்வார்கள். மாகாண மட்டத்துக்கு வெளியூரில் இரவு தங்கவேண்டும் என்றதும், உடன் செல்ல ஆசிரியை இல்லை என்று பெயர் நீங்கிவிடும். நான் வேலை செய்த பத்திரிகையிலும் ஆண்களின் 100 மீற்றர் முடிவுக்குத் தலைப்பு இருந்தது. பெண்களின் முடிவுகள் இடம் மிஞ்சினால் கடைசி வரியில் வந்தன.

ஏன் என்று கேட்டால் எமது பெரியவர்களும் "பிள்ளைகளின் பாதுகாப்பு" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களது கவலையை நான் இலேசாக எண்ணவில்லை. போரும் வன்செயலும் கண்ட மண் இது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்து பிள்ளைகளை வாரிச் சென்ற மண். ஆயினும் 1921இல் இலண்டனில் சங்கக் கனவான்கள் சொன்னதும் இதே சொல்லைத்தான். பாதுகாப்பு என்ற பெயரில் கதவை மூடுவது எளிது. ஓர் ஆசிரியையை உடன் அனுப்புவதற்குச் செலவாகும்.

கூலியின் கேள்வியும் இங்கு வேறு உருவில் உண்டு. இலங்கையில் ஏழை வீட்டு வீரனுக்கு விளையாட்டால் கிடைக்கும் பெரிய ஊதியம் முப்படைகளில் வேலை, அல்லது நிறுவனம் ஒன்றில் வேலை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தாட்டத்தால் உயர்ந்து, 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடி, அவுஸ்திரேலியக் கழகங்கள்வரை சென்றார். எமது ஊர்ப் பெண்பிள்ளை படையில் சேர்வது மிக அரிது. அவளுக்கு மீதமிருப்பது, சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் உள்ள சிறிய விசேட ஒதுக்கீடு. தேசிய மட்டத்துக்குப் போகாத பிள்ளைக்கு அதுவும் எட்டாது. அவள் இழப்பது ஒரு பதக்கத்தை மட்டும் என்று எண்ணவேண்டாம். ஒரு பட்டத்தையும் இழக்கிறாள்.

எமக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களையும் சபைகளையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடுக்கிறது. பெண்களின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யவும் இடம் தருகிறது. அந்த இடத்தை மைதானத்தின் நேர அட்டவணைவரை கொண்டுவர எவரும் முயலவில்லை.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எமது ஊர்க் கழகங்களின் சீருடைக்கும் கிண்ணத்துக்கும் மின்னொளிக்கும் பணம் அனுப்புபவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் இலண்டனிலும் கனடாவிலும் உள்ள வாசகர்களாகிய நீங்கள்தாம். அந்தப் பணத்தின்மேல் ஒரு நிபந்தனை வையுங்கள். வாரத்தில் இரண்டு மாலைகள் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு. சுற்றிவர ஒரு மறைப்பு. ஒரு பெண் பயிற்றுநருக்கு மாதச் சம்பளம். மாகாணப் போட்டிக்கு ஓர் ஆசிரியையின் பயணச் செலவு. ஒரு சுற்றுப்போட்டியின் பரிசுத் தொகைக்குள் இவற்றில் பல அடங்கிவிடும். 1972இல் 37 சொற்கள் அமெரிக்காவில் செய்தது இதைத்தான். அடுத்த முறை ஊரிலிருந்து கழகச் செயலாளர் தொலைபேசியில் பேசும்போது, பெண்பிள்ளைகளுக்கு எந்த நாள் என்று முதலில் கேளுங்கள்.